பாம்புக்குக் கால் போட்டுவிட்டீர்கள் என்கிறாரே மேலாளர், திட்டா?

கேள்வி: சீன நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நான் அனுப்பிய அறிக்கையின் கடைசிப் பகுதிக்குப் பக்கத்தில் மேலாளர் நாலு சீன எழுத்தைப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ‘பாம்பை வரைந்து கால் சேர்ப்பது’ என்கிறது மொழிபெயர்ப்புச் செயலி. திட்டுகிறாரா? என்ன பதில் போடுவது?

பதில்: திட்டுதான், ஆனால் மனசு உடையுமளவுக்கு இல்லை. அவர் எழுதிய ‘ஹுவா ஷ தியன் ட்சு’ சீனாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த மரபுத்தொடர், தேவையில்லாததைச் சேர்த்து நன்றாக இருந்ததைக் கெடுப்பது என்று பொருள். மொத்த அறிக்கையும் மோசமென்றால் இதைச் சொல்ல மாட்டார்கள். பாம்பு நன்றாக வந்திருக்கிறது, காலைத்தான் எடுக்கச் சொல்கிறார். (நம் ஊர்ப் பாம்பின் கால் பாம்பறியும் கதை வேறு, அதை இதில் கலக்காதீர்கள்.)

இந்தக் கதை ‘ஜான்குவோ ட்ச’ என்ற பழைய தொகுப்பில் இருக்கிறது. பழங்காலச் சீனாவில் தனித்தனியாக இருந்த நாடுகளில் ஒன்றான சூ நாட்டில் ஒருவர் பூசை முடித்து, வேலையாட்களுக்கு ஒரு கிண்ணம் மது கொடுக்கிறார். எல்லாரும் குடித்தால் போதாது, ஒருத்தன் குடித்தால் மிச்சம். சரி, தரையில் பாம்பு வரைவோம், முதலில் முடிக்கிறவனுக்கே மது என்று பேசிக்கொள்கிறார்கள். முதலில் முடித்தவன் இடக்கையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, ‘நான் கால்கூடப் போடுவேன்’ என்று வலக்கையால் வரைந்துகொண்டே இருக்க, அதற்குள் இன்னொருவன் முடித்துவிட்டு, பாம்புக்கு ஏதப்பா கால் என்று கிண்ணத்தைப் பிடுங்கிக் குடித்துவிடுகிறான்.

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கதையை யார் யாருக்குச் சொன்னார் என்பதுதான். கி.மு. 323இல் சூ நாட்டுத் தளபதி ஜாவ் யாங் வெய் நாட்டுப் படையை முறியடித்து எட்டு நகரங்களைப் பிடித்துவிட்டு, அடுத்து சி நாட்டின் பக்கம் திரும்புகிறார். சி அரசருக்காகப் பேசப் போன சென் ஜென், இந்த வெற்றிக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். தளபதி சொன்ன பதவிக்கு மேல் இருப்பது லிங்யின், அதாவது முதலமைச்சர் பதவி மட்டும்தான், அதில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். சி நாட்டையும் வென்றால் கூடுதலாக ஒன்றும் வராது, தோற்றால் உயிரும் பட்டமும் போகும் என்று சொல்லி இந்தப் பாம்பைக் காட்டுகிறார். தளபதி படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதனால் ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ இதற்குச் சரிசமம் இல்லை. அது அளவைப் பற்றியது. இங்கே கால் ஒன்றானாலும் நாலானாலும் தப்புதான், கையில் வந்த கிண்ணமும் அதனால் போகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, அந்தக் கடைசிப் பகுதியை நீக்கிவிட்டு, ‘எடுத்துவிட்டேன், திருத்திய பிரதி இணைப்பில்’ என்று ஒரு வரி. விளக்கமெல்லாம் வேண்டாம். இதே தொடரை மேலதிகாரியின் வேலையைப் பார்த்து நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஆனால் கூட்டத்தில் கடைசியாக ஒன்றைச் சேர்க்கும்போது ‘பாம்புக்குக் கால் போடுகிறேனோ என்னவோ’ என்று தன்னடக்கமாகச் சொல்லலாம், ஜப்பானியர்களும் இதே கதையில் பிறந்த ‘தசோகு’ என்ற சொல்லை அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.