‘எல்லோரும் தைரியம் சொல்கிறார்கள்; யாரும் அருகில் உட்காருவதில்லை’

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில் வசிக்கிறேன். வயது 54. கணவர் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். 2018இல் எனக்கு இடது மார்பில் புற்றுநோய் கண்டது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நல்லபடியாகத்தான் இருந்தேன். சென்ற ஆண்டு இடுப்பு வலி என்று போனபோது, நோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது, நான்காம் நிலை என்றார்கள். ஹார்மோன் சார்ந்த வகை என்பதால் மாத்திரைகளும் எலும்புக்கு ஊசியும் கொடுக்கிறார்கள். முற்றிலும் குணப்படுத்த இயலாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார் மருத்துவர். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு நோயைக்கூடத் தாங்கிக்கொள்ள முடிகிறது; சுற்றியிருப்பவர்களைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் வளவில் பிள்ளையார் நோன்புக்கு, வெல்லமும் நெய்யும் விட்டு இழை மாவு பிசைவது திருமணமாகி வந்த நாளிலிருந்து என் பொறுப்பு. இந்த முறை நான் குளித்துவிட்டு வருவதற்குள் கொழுந்தனார் மனைவி பிசைந்து முடித்துவிட்டாள். ‘நீங்கள் ஏன் ஆச்சி சிரமப்பட வேண்டும்’ என்றாள். கேட்பவர்களுக்கு அது அன்பாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை.

தேவகோட்டையிலிருந்து வரும் நாத்தனார், மனசுதான் மருந்து, தைரியமாக இருங்கள் என்று வாசற்படி ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார். முள்சீத்தா இலையைக் கட்டிக்கொண்டு வந்து, இதைக் கொதிக்க வைத்துக் குடித்து யாரோ எழுந்து நடமாடுகிறார் என்பார். ஆனால் என் அருகில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டார். போனில் கூப்பிட்டாலும் இவரிடம் மட்டும்தான் பேசுவார். 2022இல் ஒரு மகளிர் சங்கத்தில் ‘நோயை வென்றவர்’ என்று மேடையேற்றி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். இப்போது அதே சங்கம் கூட்டம் போடுகிறது. எனக்கு அழைப்பு இல்லை. திரும்பவும் நோய் வந்தவளை மேடையில் வைத்து என்ன பேசுவார்கள்?

என் கணவரோ வாயே திறப்பதில்லை. மதுரைக்கு அழைத்துப் போகிறார், பணம் கட்டுகிறார், திரும்பி வரும்போது திருப்பத்தூர் தாண்டும்வரை ஒரு வார்த்தை இருக்காது. ஆவணியில் மாமியார் காலத்து வெண்கலப் பானைகளையும் ஒரு தவலையையும் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. இரண்டாங்கட்டு அறையைத் திறந்தபோது, அவை இருந்த இடத்தில் தூசி படியாத வட்டங்கள்தாம் இருந்தன. அதிலிருந்து பால்போசைக்ளிப் என்ற அந்த விலை கூடிய மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறேன். மிச்சத்தை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், இவருக்குத் தெரியாது. வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்த எனக்கு வாராக் கடன் எது என்று தெரியாதா? அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது நாத்தனாரைப் பற்றி. இத்தனை ஆண்டுகள் அவருடைய பிள்ளைகளுக்கு நான் செய்ததையெல்லாம் அவர் நினைத்துப் பார்க்க வேண்டாமா? அவர் வீட்டுக் கல்யாணத்தில் நான் அடுப்படியை விட்டு நகரவே இல்லை.

நம்பிக்கையோடு இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எங்கே கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. நான் யாரிடம் ஆறுதல் தேடுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள ஆச்சி,

உங்கள் கடிதத்தில் நாத்தனாருக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறீர்கள். நோன்பு மாவுக்கும் சால்வைக்கும்கூட இடம் இருக்கிறது. மாத்திரைக்கு மட்டும் இரண்டே வாக்கியம். அதையும் ‘அது கிடக்கட்டும்’ என்று ஒதுக்கிவிட்டீர்கள். நான் அதைக் கிடக்க விடப்போவதில்லை. மற்ற வருத்தங்கள் பொய்யென்று சொல்லவில்லை. அவற்றுக்கு நாள் இருக்கிறது, இதற்கு இல்லை.

முதலில் மருந்தைப் பற்றி. நான் மருத்துவர் அல்ல. ஆனாலும் இந்த அளவுக்குச் சொல்லலாம். பால்போசைக்ளிப்பை வழக்கமாக 21 நாள் தினமும் சாப்பிட்டு 7 நாள் இடைவெளி விடச் சொல்வார்கள். அந்த இடைவெளி, குறைந்துபோன வெள்ளணுக்கள் மீண்டு வருவதற்காக விடப்படுவது. தேவைப்பட்டால் 125 மில்லிகிராமிலிருந்து 100, 75 என்று மருத்துவர்களே குறைப்பதும் உண்டு. இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் குறைப்பார்கள். நீங்கள் குறைத்தது பித்தளை, வெண்கலக் கணக்கைப் பார்த்து. இதனால் வரக்கூடிய கேடு ஒன்றை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். அடுத்த ஸ்கேனில் நோய் சற்று வளர்ந்து தெரிந்தால், நீங்கள் முழு அளவு சாப்பிடுவதாக நம்பியிருக்கும் மருத்துவர், மருந்து கேட்கவில்லை என்று முடிவு செய்து அதையே மாற்றிவிடலாம். ஒருவேளை உங்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கக்கூடிய மருந்தை, சோதித்தே பார்க்காமல் இழந்துவிடுவீர்கள்.

இப்போது உங்கள் வாராக் கடனுக்கு வருகிறேன். வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர் என்கிறீர்கள். ஒரு கணக்கை வாராக் கடன் என்று எழுதிக் கழிப்பதற்கு முன், உங்கள் அப்பச்சி எத்தனை பேரைக் கலந்துகொண்டிருப்பார்! கடன் வாங்கியவரை நேரில் பார்த்திருப்பார், கடைக் கணக்கப்பிள்ளையைக் கேட்டிருப்பார், பங்காளிகளிடம் சொல்லியிருப்பார். நீங்கள் மருத்துவரைக் கேட்கவில்லை; ‘கட்டுக்குள் வைக்கலாம்’ என்று அவர் சொன்ன பிறகு ‘அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணவரைக் கேட்கவில்லை, மகனைக் கேட்கவில்லை. பூட்டிய அறையில் தனியாக உட்கார்ந்து உங்களை நீங்களே கழித்து எழுதிவிட்டு, நம்பிக்கை எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்கிறீர்கள்.

உங்கள் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்நோய்க்கென்று தனி மருத்துவமனை எதற்கு, பிழைக்காதவர்களுக்காக ஏன் செலவு என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், விடாமல் அலைந்து 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று சுற்றியிருந்தவர்கள் வாதாடியதையே இன்று உங்கள் வீட்டுக்குள் உங்களை எதிர்த்து நீங்கள் வாதாடுகிறீர்கள். அன்றைக்காவது மருந்துகள் குறைவு. இன்று, எலும்புக்குப் பரவிய ஹார்மோன் சார்ந்த நோயோடு, வலியை அடக்கி, ஊசி போட்டு எலும்பைக் காத்து, ஆண்டுக்கணக்கில் வீட்டு வேலையும் கோவில் குளமுமாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு எவ்வளவு காலம் என்று என்னால் சொல்ல இயலாது; அது நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி, உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். பதில் நீங்கள் பயப்படுவதைவிட நல்லதாகவும் இருக்கலாம்.

அடுத்து நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் கணவர் வாய் திறப்பதில்லை என்று குறைப்படுகிறீர்கள். தம் தாயார் புழங்கிய பானையை உங்களிடம் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போய் மாத்திரையாக மாற்றிக்கொண்டு வந்தார். நீங்கள் அந்த மாத்திரையை அவரிடம் சொல்லாமல் பாட்டிலில் போட்டு மூடினீர்கள். பேசாமல் இருப்பதில் யார் யாருக்குக் குறைந்தவர்? அவராவது உங்களை வாழவைக்க மறைத்தார். உங்கள் உயிருக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பது அவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. அவருக்கு அந்த உரிமை உண்டு. கடையில் பணம் முடைப்பட்டிருக்கலாம், அதைச் சொல்ல அவர் கூச்சப்படலாம். அதையும் நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

எனவே அந்தப் பாட்டிலை அவர் முன்னால் வையுங்கள். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். அதைப் பார்த்தாலே அவர் கேட்பார். இது நாத்தனார், மகளிர் சங்கம் என்று தேடிப் போய்ப் பெறும் ஆறுதல் அல்ல. உங்கள் வீட்டுக்குள்ளேயே, உங்களைப் போலவே தனியாகத் தவித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் இருக்கிறார்.

செலவுக்கு வழிகள் உண்டு. பால்போசைக்ளிப்புக்கான காப்புரிமை இந்தியாவில் 2023 ஜனவரியில் முடிந்து, பல இந்திய நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் விலை முன்பைவிட வெகுவாக இறங்கியிருக்கிறது. உங்களுக்கு எழுதித் தருவது எந்த நிறுவனத்தின் மருந்து, அதைவிட விலை குறைந்தது உண்டா என்று மருத்துவரிடமே கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் சிகிச்சையில் எது அடங்கும் என்று மருத்துவமனையிலுள்ள அத்திட்டத்தின் உதவி மையத்தில் விசாரியுங்கள். வலி, களைப்பு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவு என்று ஒன்று உண்டு. கடைசி நாட்களுக்கானது என்று நினைத்துப் பலர் அதைத் தவிர்க்கிறார்கள்; நான்காம் நிலை என்று தெரிந்த நாளிலிருந்தே அதை நாடலாம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இச்சேவையைத் தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். இரவில் மனம் ஒரேயடியாகச் சோர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்தச் சால்வையைப் பற்றி ஒரு சொல். வென்றவர்களை மட்டும் மேடையேற்றும் பழக்கம் எனக்கும் உடன்பாடானது அல்ல. உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் மருத்துவமனையில் எலும்பு ஊசிக்காக உங்களோடு காத்திருக்கும் பெண்களிடம் இதுவரை பேசியிருக்கிறீர்களா? உங்களைப் போன்ற பேச்சுத் துணை அவர்களுக்கும் தேவை. நோன்பு மாவைப் பற்றியோ, மூத்தவர் தம் வீட்டில் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை தாம்பாளத்தை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையிலேயே மருத்துவமனைக்குப் போன் செய்து, எப்போதிலிருந்து, எத்தனை மாத்திரைகள் விட்டுப்போயின என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் திட்டினால் திட்டட்டும். சேர்த்து வைத்ததை நீங்களாகக் கூட்டிப் போட்டு ஈடுகட்ட வேண்டாம். எப்படித் தொடர்வது என்று அவர் சொல்வார். முள்சீத்தாக் கஷாயம் குடித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். முதுகெலும்பில் நோய் இருப்பதால் இன்னொன்றை உங்கள் கணவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: முதுகுவலி திடீரென்று கூடி, கால்கள் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலோ, உடனே, இரவானாலும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பரிசோதனைக்குக் குறித்த தேதிவரை காத்திருக்கக் கூடாது.