பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம்தானே? பிறகு ஏன் அமெரிக்கத் தொடர் புரிகிறது, பிரிட்டிஷ் தொடர் புரிய மாட்டேன் என்கிறது? இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்.

இதே கேள்வியை 2020 ஊரடங்கு சமயத்தில் என் மகன் என்னிடம் கேட்டான். உங்களைப் போல மரியாதையாகக் கேட்கவில்லை. நான் பாளையங்கோட்டையில் ஆங்கில வாத்தியார், 22 வருஷ சர்வீஸ். "வாங்கப்பா, உங்க வெள்ளைக்காரன் சீரியல் ஒண்ணு பாப்போம்" என்று 'பிராட்சர்ச்' என்ற பிரிட்டிஷ் போலீஸ் தொடரைப் போட்டான். கடற்கரையில், செங்குத்தான பாறைக்குக் கீழே, 11 வயதுப் பையன் இறந்து கிடக்கிறான். ஊரில் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பிக்கிறார்கள். கதை பிரமாதம். ஆனால் கால் மணி நேரத்துக்குள் மூன்று தடவை "ஏல, கொஞ்சம் பின்னால போ" என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை அவன் ஒன்றும் பேசாமல் சப்டைட்டிலைப் போட்டான். அவன் பேசாமல் போட்டதுதான் உறைத்தது.

பிறகுதான் தெரிந்தது, அதே கதையை 2014-ல் அமெரிக்காவில் 'கிரேஸ்பாயின்ட்' என்ற பெயரில் திரும்ப எடுத்திருக்கிறார்கள் என்று. அதையும் பார்த்தோம். இரண்டிலும் துப்பறியும் அதிகாரியாக நடித்தவர் ஒருவரே, டேவிட் டெனன்ட். முதல் எபிசோட் ஏறக்குறையக் காட்சிக்குக் காட்சி அதேதான். பிரிட்டிஷ் தொடரில் அவர் தன் சொந்த ஸ்காட்லாந்துப் பேச்சில் பேசுகிறார், அமெரிக்கத் தொடரில் அமெரிக்கர் மாதிரி பேசுகிறார். இரண்டாவது எனக்குச் சப்டைட்டில் இல்லாமலே புரிந்துவிட்டது. கதை முன்பே தெரியும் என்பதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. நாடகமாகப் பார்த்தால் பிரிட்டிஷ் தொடர் எவ்வளவோ மேல். அமெரிக்கத் தொடர் பத்து எபிசோடோடு நின்றுபோனது, எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை. ஆனால் காதுக்கு எது சுகம் என்று கேட்டால் அமெரிக்கத் தொடர்தான்.

காரணம் என்ன? முதல் குற்றவாளி ஒரு எழுத்து: ர்.

நாம் ஆங்கிலத்தைக் காதால் படிக்கவில்லை, கண்ணால் படித்தோம். எழுத்தில் ர் இருந்தால் வாயிலும் ர் வரும்: டாக்டர், கார், வாட்டர். அமெரிக்கர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான். தென் இங்கிலாந்துக்காரர்கள் உயிரொலிக்கு முன்னால் வந்தால்தான் ர்-ஐச் சொல்வார்கள். மற்ற இடங்களில் 'டாக்ட', 'கா' என்று அது கரைந்துவிடும். இதனால் போலீஸ் தொடர்களில் வரும் வம்பைப் பாருங்கள். நீதிமன்றத்தைக் குறிக்கும் 'கோர்ட்', பிடிபட்டதைக் குறிக்கும் 'காட்' இரண்டும் லண்டன்காரர் வாயில் ஒரே சொல். அவன் பிடிபட்டானா, கோர்ட்டுக்குப் போனானா என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இருக்கிற ர்-ஐ விழுங்குகிறவர்கள் இல்லாத இடத்தில் ஒன்றைக் கொண்டுவந்து சொருகுவார்கள். 'லா அண்ட் ஆர்டர்' என்பதை 'லாரண்ட் ஆடா' என்பார்கள். இதைக் கேட்டால் நம் தமிழய்யா சிரிப்பார். திரு, அருள் இரண்டும் சேர்ந்தால் நடுவில் வ் வந்து திருவருள் ஆகிறதே, அதே உடம்படுமெய் வேலைதான். நாம் ய், வ் போடுகிறோம், அவர்கள் ர் போடுகிறார்கள்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் ர்-ஐ விழுங்குவதில்லை, நம்மைப் போலவே நாக்கைத் தட்டிச் சொல்வார்கள். அதனால் 'பிராட்சர்ச்'சில் டெனன்டை ஓரளவு பிடித்துவிட்டேன். என்னைக் கவிழ்த்தது சுற்றியிருந்த இங்கிலாந்துக்காரர்கள்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் புத்தி. அமெரிக்கர்கள் ர்-ஐப் புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. 17-ம் நூற்றாண்டில் கப்பலேறிப் போனவர்கள் ர்-ஓடுதான் போனார்கள். தென் இங்கிலாந்து அதைத் தொலைத்தது அதற்குப் பிறகு. அமெரிக்காவிலும் நியூயார்க், பாஸ்டன் பக்கம் ர்-ஐ விழுங்குவது வெகு காலம் கௌரவமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்று திசை மாறியது. 1962-ல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குள் போய், நான்காவது மாடியில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும், அதில் இரண்டு ர் இருக்கின்றன. பணக்காரர்கள் போகும் கடையில் ர் அதிகம் கேட்டது, மலிவுக் கடையில் குறைவாகக் கேட்டது. லண்டனில் இதே சோதனை தலைகீழாகத்தான் வந்திருக்கும்.

அடுத்தது ட். அமெரிக்கர் 'வாட்டர்' என்பதை 'வாடர்' என்பார். எழுதுகிறவரும் சவாரி செய்கிறவரும் அவர் வாயில் ஒரே 'ரைடர்'. இது நமக்கு உறுத்தாததற்குக் காரணம் இருக்கிறது. பட்டம், படம் என்று சொல்லிப் பாருங்கள். இரட்டித்தால் வல்லோசை, இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றையாக நின்றால் மெல்லத் தட்டிவிட்டுப் போகும் ஓசை. அமெரிக்கர் செய்வது கிட்டத்தட்ட அதே. லண்டன் தெருப்பேச்சில் அந்த ட் நாக்குக்கே வராது, தொண்டையில் அடைபட்டு ஒரு விக்கல் மாதிரி நின்றுவிடும். நம் காதுக்கு அங்கே ஒரு எழுத்து இருந்ததாகவே தெரியாது.

இதுவரை சொன்னது ஒலி. ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு தப்பு இருக்கிறது. நாம் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம் என்கிறீர்களே, எந்த பிரிட்டிஷ்? நாம் படித்தது எழுத்துக்கூட்டும் இலக்கணமும். காதில் விழுந்தது பழைய பிபிசி செய்தி வாசிப்பு, அவ்வளவுதான். அந்த வாய் அங்கே சின்னஞ்சிறு கூட்டத்துக்குத்தான் சொந்தம். இன்றைய தொடர்கள் ஊர்ப் பேச்சில் நடக்கின்றன. 'ஹேப்பி வேலி' யார்க்ஷயர், 'வேரா' நார்தம்பர்லாந்து, 'பீக்கி பிளைண்டர்ஸ்' பர்மிங்காம். பாடநூல் தமிழ் படித்த ஒரு ஜெர்மன்காரரை எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, "என்னவே, சோலி முடிஞ்சிட்டா, அங்கன என்ன நிக்கீரு" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? அந்த நிலைமைதான் நமக்கு.

ஊர்ப் பேச்சு என்றால் உச்சரிப்பு மட்டும் இல்லை. வட இங்கிலாந்து வீடுகளில் 'டீ' என்றால் பலருக்கு ராத்திரிச் சாப்பாடு. 'டீக்கு என்ன வேணும்' என்று அவர்கள் கேட்டபோதெல்லாம், இவர்கள் எத்தனை தடவைதான் டீ குடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'ஆல் ரைட்?' என்று கேட்டால் உடம்புக்கு என்ன என்று அர்த்தமில்லை, நம் "சாப்டாச்சா?" மாதிரி. 'வேரா'வில் போலீஸ் அதிகாரியாக வரும் அம்மாள் சாட்சி, சந்தேக ஆசாமி, தனக்குக் கீழே வேலை பார்க்கிறவர் என்று எல்லாரையும் 'பெட்' (செல்லம்), 'லவ்' என்பார். முதலில் நெளிந்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் காய்க்காரம்மா "என்ன கண்ணு வேணும்" என்பதை நினைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அந்த அம்மாள் 'பெட்' சொல்லிக்கொண்டே ஆளைச் சிறைக்கு அனுப்புவார், அது வேறு.

போலீஸ் தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்த வித்தியாசம் உச்சரிப்பில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் கைது செய்யும்போது சொல்வது நமக்கு மனப்பாடம்: பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, நீ சொல்வது எதுவும் கோர்ட்டில் உனக்கு எதிராகப் பயன்படுத்தப்படும். 1966-ல் மிராண்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் சொல்வது முதலில் அதே மாதிரிதான் தொடங்கும்: நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து ஒரு 'ஆனால்' வரும். பின்னால் கோர்ட்டில் எதை நம்பி வாதாடப் போகிறீர்களோ, அதை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பாதகமாகலாம். 1994-ல் கொண்டுவந்த சட்டம் இந்த 'ஆனால்'-ஐச் சேர்த்தது.

இந்த ஒரு 'ஆனால்' வசனத்தையே மாற்றிவிடுகிறது. அமெரிக்கத் தொடரில் ஆசாமி "என் வக்கீல் வரட்டும்" என்றான் என்றால் காட்சி முடிந்தது. அதனால் அவன் அதைச் சொல்வதற்கு முன்பே அதிகாரி கத்துவார், மேஜையைத் தட்டுவார், "உன் கூட்டாளி எல்லாத்தையும் கக்கிட்டான்" என்று புளுகுவார். அங்கே புளுகினார் என்பதற்காக மட்டும் வாக்குமூலம் செல்லாமல் போய்விடாது. பிரிட்டிஷ் தொடரில் வக்கீல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும், கேள்விகள் நிற்காது. ஆசாமி ஒவ்வொரு கேள்விக்கும் 'நோ காமென்ட்' என்பான். 'லைன் ஆஃப் டியூட்டி'யில் இந்த விசாரணை அறைக் காட்சிகள் நீளமோ நீளம், ஒலிப்பதிவுக் கருவியின் அந்த இழுவையான பீப் சத்தத்தோடு தொடங்கும். கத்தல் கிடையாது. ஒரு காகிதத்தை மெதுவாக நகர்த்தி வைப்பார்கள், நமக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு ஆறுதல்: 2021-ல் வந்த அதன் ஆறாவது சீசனில் 'சிஸ்' என்றொரு போலீஸ் சுருக்கப் பெயர் வந்தபோது பிரிட்டிஷ்காரர்களே அர்த்தம் தெரியாமல் தேடினார்கள். ரகசியத் தகவலாளி என்று அர்த்தமாம்.

இன்னொரு சங்கடம், குறைத்துச் சொல்லும் பழக்கம். 'க்வைட் குட்' என்று அமெரிக்கர் சொன்னால் ரொம்ப நன்றாக இருக்கிறது, பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் சுமார். 1951 ஏப்ரலில் கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரையில் நடந்ததாகச் சொல்லும் கதை இதற்குப் பேர்போனது. பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிராடியின் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துவிட்டது. நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி கேட்க, "கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது சார்" என்றாராம். இன்னொரு பிரிட்டிஷ்காரர் கேட்டிருந்தால் 'செத்தோம்' என்று புரிந்துகொண்டிருப்பார். அமெரிக்கர், சமாளிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். "பார்க்கலாம்" என்றால் 'முடியாது' என்று புரிந்துகொள்ளும் நமக்கு இது கஷ்டமே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் கேட்கும்போது அந்தக் காது ஏனோ வேலை செய்வதில்லை, சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். பிரிட்டிஷ் தொடரில் புருஷன் பெண்டாட்டி இருவரும் 'ரைட்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முழுச் சண்டையும் போட்டு முடிப்பார்கள்.

சொற்கள் பற்றி நீட்டவில்லை. லிஃப்ட், பெட்ரோல், டார்ச், பிஸ்கட் எல்லாம் பிரிட்டிஷ் பக்கம். 'பேண்ட்' மட்டும் நாம் அமெரிக்கக் கட்சி, இங்கிலாந்தில் அது உள்ளாடை. ஸ்டெப்னி என்று லண்டனில் சொல்லிப் பாருங்கள், அது ஒரு பேட்டையின் பெயர் என்பார்கள். டயருக்கு அந்தப் பெயர் வேல்ஸில் லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. அவர்கள் மறந்துவிட்டார்கள், நம் மெக்கானிக் மறக்கவில்லை. 'தி ஆஃபீஸ்' தொடரை 2005-ல் அமெரிக்காவில் எடுத்தபோது முதல் எபிசோடில் பிரிட்டிஷ் வசனத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்தார்கள். ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் புதைத்து வைக்கும் குறும்பும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் ஜெல்லி என்றால் ரொட்டியில் தடவுவது, அதனால் அதை 'ஜெல்லோ' ஆக்க வேண்டியிருந்தது.

முழுப்பழியும் நம் காது மேல் இல்லை. 2014-ல் பிபிசி 'ஜமைக்கா இன்' என்ற தொடரை ஒளிபரப்பியபோது நடிகர்கள் முணுமுணுக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை என்று 2,000-க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. புகார் செய்தவர்கள் அந்நாட்டுக்காரர்களே.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றால் 'வேரா'. நிதானமாகப் பேசுவார்கள், ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. முதலில் ஆங்கிலச் சப்டைட்டிலோடு பாருங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். நான் அப்படித்தான் இரண்டு சீசன் ஓட்டினேன். பிறகு 'ஹேப்பி வேலி' கைக்கு வந்தது. 'பீக்கி பிளைண்டர்ஸ்'க்குச் சப்டைட்டில் இல்லாமல் இன்னும் துணியவில்லை.

காது தேறிவிட்டது என்ற மிதப்பில், அமெரிக்கத் தொடர்தானே, சுலபமாக இருக்கும் என்று போன மாதம் 'தி வயர்' போட்டேன். பால்டிமோர் தெருக்கள். பத்து நிமிஷத்தில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓரளவு பிடிபட்டது முக்கியப் போலீஸ்காரரும் போதைக் கும்பலின் மூளையாக வரும் ஆளும் பேசியதுதான். தேடிப் பார்த்தால் ஒருவர் ஷெஃபீல்டில் பிறந்த டொமினிக் வெஸ்ட், இன்னொருவர் லண்டனில் ஹாக்னியில் பிறந்த இட்ரிஸ் எல்பா. மகன் லீவுக்கு வந்திருந்தான். அவனிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் சப்டைட்டிலைப் போட்டுவிட்டான்.