78 வயதில் இடுப்பு மூட்டுக் கிண்ணம் உடைந்தால் ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 78. நான்கு நாட்களுக்கு முன்பு குளியலறையில் வழுக்கி வலப்பக்கமாக விழுந்துவிட்டார். இடுப்பு மூட்டின் கிண்ணம் உடைந்து, அதில் பொருந்தும் தொடை எலும்பின் பந்து உள்பக்கம் நகர்ந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. காலில் எடை கட்டி ஆறு வாரம் படுக்க வைக்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். பிளேட் வைக்கலாம் என்கிறார் இன்னொருவர். மூட்டையே மாற்றிவிடலாம் என்கிறார் மூன்றாமவர். விழும்வரை கோயிலுக்கும் கடைக்கும் தனியாகப் போய்வந்தவர். சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மாத்திரை சாப்பிடுகிறார். நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஆறு வாரப் படுக்கையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பந்து நகர்ந்திருந்தால், ஆபரேஷன்வரை சில நாட்களுக்கு எடை கட்டி வைப்பதில் தவறில்லை. அதையே சிகிச்சையாக வாரக்கணக்கில் நீட்டிப்பதுதான் இந்த வயதில் ஆபத்து. நிமோனியா, காலில் ரத்தக்கட்டு, படுக்கைப்புண், மனக்குழப்பம் எல்லாம் படுக்கையில்தான் வருகின்றன. எலும்பு கூடி முடியும்போது எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது. ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானாலும், வலியைக் கட்டுப்படுத்தி, சில நாட்களில் நாற்காலிக்கும் பிறகு வாக்கருக்கும் கொண்டுவருவதே சரியான வழி.

"பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மறுநாளே ஆபரேஷன், மூன்றாம் நாள் நடந்தார்" என்று யாராவது சொல்வார்கள். அநேகமாக அது தொடை எலும்பின் கழுத்து முறிவாக இருக்கும். அதை ஓரிரு நாளில் செய்துவிட வேண்டும். கிண்ணம் உடைவது வேறு விஷயம். பக்கவாட்டில் விழும்போது தொடையின் மேல்முனை தரையில் மோதி, அந்த வேகத்தில் பந்து கிண்ணத்தின் மெல்லிய உட்சுவரைத் தள்ளிக்கொண்டு இடுப்புக்கூட்டுக்குள் போகப் பார்க்கிறது. ஆபரேஷன் ரத்த நாளங்கள் நிறைந்த இடத்தில் நடப்பதால், தயாராவதற்குச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வாரம் தாண்டினால் புது எலும்பு வளரத் தொடங்கி, துண்டுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது கடினமாகிவிடும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை.

சிடி ஸ்கேன் எடுத்தாயிற்றா? எக்ஸ்ரேயை மட்டும் வைத்து யாரும் இதில் முடிவு சொல்ல முடியாது. ழூதே, லெதூர்னெல் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்கள் 1964இல் இந்த முறிவுகளைப் பத்து வகையாகப் பிரித்தார்கள். இன்றும் அதுதான் அடிப்படை. முதியவர்களிடம் அதற்கு மேலும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். உடம்பின் பாரத்தைத் தாங்கும் கிண்ணத்தின் கூரைப்பகுதி நசுங்கியிருக்கிறதா? பந்தில் அடிபட்டிருக்கிறதா? மூட்டுத்தேய்மானம் முன்பே இருந்ததா? பின்சுவர் பல துண்டாகியிருக்கிறதா? இந்த நான்கையும் டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

நான்குக்கும் இல்லை என்று பதில் வந்து, எலும்பும் ஓரளவு பலமாக இருந்தால், பிளேட்டும் ஸ்க்ரூவும் போதும். பெரும்பாலும் அடிவயிற்றுப் பக்கமாகத் திறந்து, உட்சுவரைத் தாங்கிப் பிடிக்கும்படி வைப்பார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான். 6 முதல் 12 வாரம்வரை அந்தக் காலால் தரையைத் தொடலாம், ஊன்றக் கூடாது என்பார்கள். கைகளில் பலமில்லாத ஒரு முதியவரால் வாக்கரில் அப்படி நடப்பது லேசில்லை. பிறகு தேய்மானம் வந்து மூட்டு மாற்ற நேர்பவர்களும் உண்டு.

கூரை நசுங்கியிருந்தால் பிளேட் மட்டும் வைத்தது பலருக்கு நிலைப்பதில்லை. அங்கேதான் மூன்றாமவர் சொன்ன வழி பொருந்துகிறது. முதலில் கிண்ணத்தைத் தாங்கும் எலும்புத் தூண்களில் உடைந்தவற்றைப் பிளேட்டால் நிலைநிறுத்தி, அதே ஆபரேஷனில் செயற்கை மூட்டையும் பொருத்துவது. பலரால் சில நாட்களிலேயே பாரம் ஊன்றி நடக்க முடிகிறது. இரண்டாவது ஆபரேஷனுக்கான தேவையும் குறைகிறது. என் கருத்தில் முதியவருக்கு இந்த லாபம் மிகப் பெரியது. ஆனால் இது பெரிய ஆபரேஷன்; ரத்தம் அதிகம் போகும், கிருமித்தொற்றும் மூட்டு நழுவுவதும் நேரலாம். சாதாரண மூட்டு மாற்று அனுபவம் மட்டும் போதாது. இடுப்புக்கூட்டு முறிவுகளைத் தொடர்ந்து செய்பவரா என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிப்பட்டவர் உங்கள் ஊரில் இல்லையென்றால், சிடி படங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெரிய விபத்துச் சிகிச்சை மையத்துக்கோ இந்த வாரமே போங்கள்.

பந்து கூரைக்குக் கீழே சரியாக நின்று, துண்டுகள் அதிகம் விலகாமல் இருந்தால் கத்தி வைக்கவே தேவையில்லை. வாரம் ஒரு எக்ஸ்ரே எடுத்து நகர்கிறதா என்று பார்த்தால் போதும். பின்னாளில் வலி வந்தால் அப்போது மூட்டை மாற்றலாம்.

உங்கள் அம்மா தனியாக நடமாடியவர். பந்தும் உள்ளே நகர்ந்திருக்கிறது. எனவே ஆபரேஷன் பக்கமே என் மனம் சாய்கிறது. கூரையின் நிலையைப் பொறுத்து பிளேட்டா, மாற்று மூட்டா என்று முடிவாகும். வயது மட்டும் தடை இல்லை. அதே நேரம், எந்த வழியில் போனாலும் இந்த முறிவுக்குப் பின் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடும் முதியவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தில் எல்லோரும் இதைத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

ஸ்டென்ட் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் எப்போது வைத்தது, எந்த மாத்திரை என்பதைப் பார்த்து இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து சொல்வார்கள். ரத்தக்கட்டைத் தடுக்கும் ஊசி போடுகிறார்களா என்று இன்றே விசாரியுங்கள். சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரகம் மூன்றும் சரிபார்க்கப்பட வேண்டும். ரத்தமும் முன்கூட்டியே ஏற்பாடாகட்டும்.

வீடு திரும்பும்போது பலர் விட்டுவிடும் ஒன்று எலும்பு மெலிவுக்கான சிகிச்சை. நின்ற நிலையில் விழுந்து இப்படி உடைந்தாலே எலும்பு மெலிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வைட்டமின் டி, கால்சியத்தோடு, வருடத்துக்கு ஒருமுறை போடும் ஜோலெட்ரோனிக் ஆசிட் அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி தேவையா என்று கேளுங்கள். டெனோசுமாப் தொடங்கினால் தேதி தவறக் கூடாது. இடையில் விட்டால் முதுகெலும்பு முறிவு வரும் ஆபத்து கூடும்.