சுபேதார் பதில்கள்: விழுந்த வீரருக்குச் செய்யும் மரியாதை

(மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் தெருப் பையன் எல்லையில் பணியிலிருந்தபோது வீரமரணம் அடைந்தான். முதலாண்டு நினைவுநாளுக்கு ஊர்முனையில் ஒரு கல் வைக்கப்போகிறோம். "வீரவணக்கம்" என்று போட்டால் போதும் என்கிறார்கள் சிலர். கவிதை வேண்டும் என்கிறார்கள் சிலர். என்ன எழுதலாம் ஐயா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: வீரவணக்கம் தாராளமாகப் போடுங்கள் அம்மா. ஆனால் அதைச் சிறிதாகப் போட்டு, பையனின் பெயரைப் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். அப்புறம் பெற்றோர் பெயர், பதவி, படைப்பிரிவு, எந்த இடத்தில், எந்தத் தேதியில், என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தான் என்பது. இத்தனையும் கல்லில் இருக்க வேண்டும். அவனைப் பார்த்தே இராத பிள்ளைகள்தான் நாளைக்கு அந்தக் கல்லைப் படிக்கப்போகிறார்கள். படைப்பிரிவின் பெயரைச் சரியாக எழுத, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் நடுகற்களும் இப்படித்தான் பேசுகின்றன. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் காலக் கற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், யார் தொறுவைக் கவர வந்தார்கள், அதை மீட்கப் போய் "பட்டான்" யார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். (தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் சண்டையில் இறந்தான்.) எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டுக் கல் ஒன்று இருக்கிறது. தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயின் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது: கோவிவன். நாயைக்கூடப் பெயர் சொல்லி நினைத்தவர்கள் நாம்! தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த கல் இன்னும் பழையது, தமிழ் பிராமி எழுத்து. கூடலூர் ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த தீயன் அந்தவனுக்கு நட்டது. ஒரே ஒரு சிறிய வாசகம்தான். ஆனால் ஆளின் பெயரும் ஊரும் காரணமும் அதற்குள் அடங்கிவிட்டன.

கல் நடும் சடங்கையும் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையல் இட்டு, கடைசியில்தான் வாழ்த்து. உங்கள் நிகழ்ச்சியிலும் பேச்சாளர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் குடம் தண்ணீரை அந்தத் தாய் ஊற்றட்டும். கவிதைக்கு இடம் மிஞ்சினால் நான்கு வரி போடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: ராணுவ இறுதிச் சடங்கில் "21 குண்டுகள் முழங்க" என்று செய்தித்தாளில் வருகிறது. எப்போதும் 21-தானா?
– வாசகர், அரக்கோணம்

பதில்: கணக்கு சுற்றில்தான் இருக்கிறது. வானை நோக்கி மூன்று சுற்று சுடுவார்கள். ஏழு பேர் நின்றால் மொத்தம் 21 ஆகும். ஆட்கள் கூடினால் அந்த எண்ணும் கூடும். குடியரசுத் தலைவருக்கும் வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் தரும் 21 பீரங்கி மரியாதை வேறு. துப்பாக்கியைத் தலைகீழாக, குழல் தரையைப் பார்க்கப் பிடித்து நிற்பது துக்கத்தின் அடையாளம். அதன்பின் பியூகிளில் "லாஸ்ட் போஸ்ட்" ஊதுவார்கள். முகாமில் அன்றைய நாள் முடிந்தது, இனி ஓய்வு என்று இரவில் அறிவிக்க ஊதிய இசை அது. எத்தனை முறை அணியில் நின்று கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அந்த நேரத்தில் தயவுசெய்து கைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் நிலத்தில் வில்லேந்திய வீரன் சிலை செதுக்கிய கல் இருக்கிறது. வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். பெயின்ட் அடித்து மேடை கட்டலாமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: பெயின்ட் வேண்டாம், சிமென்டும் வேண்டாம். உங்கள் பக்கத்தில் வேடியப்பன் என்று வணங்கும் கற்களில் பல நடுகற்களே. வீரன் தலைக்கு மேலோ பக்கத்திலோ எழுத்து இருக்கலாம். பெயின்ட் அதை மூடிவிடும். பொங்கல் வையுங்கள், மாலை போடுங்கள், கும்பிடுங்கள். கல்லை மட்டும் இடம் மாற்றாமல், தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள், இதே போன்ற கற்களைப் பார்க்கலாம்.

கேள்வி: என் தம்பியின் உடலைச் சிதையில் வைக்கும் முன் தேசியக் கொடியை எடுத்துவிட்டார்கள். மரியாதைக் குறைவில்லையா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லை அம்மா, விதியே அதுதான். காவி நிறம் தலைப்பக்கம் வரும்படி கொடியைப் போர்த்துவார்கள். ஆனால் அதைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. அதனால்தான் மடித்துக் குடும்பத்தாரிடம் கொடுக்கிறார்கள். ஈரம் படாத இடத்தில், முடிந்தால் கண்ணாடிச் சட்டம் போட்ட பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் பெயரையும் தேதியையும் தனி அட்டையில் எழுதி அதோடு வையுங்கள். கொடியின் மேல் எதுவும் எழுத வேண்டாம்.