சட்டைப் பையில் ஒரு பைலட்

கேள்வி: பாம் பைலட் என்ற பழைய கையடக்க மின்னணு நாட்குறிப்பு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. எண்கள், சந்திப்புகள் குறித்து வைக்க இப்போதும் உதவுமா?

பதில்: தாராளமாக. அது 1996-ல் வந்தபோதே அந்த வேலைக்காகத்தான் வந்தது. ஜெஃப் ஹாக்கின்ஸ் அதை உருவாக்கும் முன் அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாராவது சந்திக்க நேரம் கேட்டால் அதில் குச்சியால் எழுதுவது போல நடிப்பாராம், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும், பட்டனை அழுத்தியதும் அன்றைய நாள் கண்முன் நிற்கும். எழுதுவதற்கு கிராஃபிட்டி என்ற தனி எழுத்துமுறை பழக வேண்டும், ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் 'ஏ'வுக்குக் குறுக்குக்கோடு கிடையாது.

ஒரே பயம் பேட்டரி. எல்லாமே மின்சாரம் இருக்கும்வரை மட்டும் தகவலை வைத்திருக்கும் ராம் நினைவகத்தில் இருப்பதால், தீர்ந்த பேட்டரியோடு டிராயரில் கிடந்தால் அத்தனையும் போய்விடும், மாற்றும்போதும் சட்டென்று மாற்றிவிடுங்கள். கணினியோடு ஹாட்சிங்க் செய்து, அதாவது இணைத்துத் தகவல்களை ஒத்திசைத்து, பிரதி வைப்பதுதான் வழி, அதற்குத்தான் பைலட்டைச் செருகி வைக்கும் அந்தத் தொட்டில், ஆனால் அதைச் செருக சீரியல் போர்ட் என்ற பழைய இணைப்பு உள்ள கணினிக்கு எங்கே போவது? அதனால் முக்கியமான எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.