வடசென்னையில் பசங்க கால்பந்து: கேள்வி பதில்

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் ஒரு சின்ன கிளப்பில் பசங்களுக்குக் கோச்சாக இருக்கிறேன். கேட்டதில் எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன். முழங்கால் வலிக்கு மருந்து கேட்டவர்கள் எலும்பு டாக்டரிடம் போங்கள்.

கொளத்தூர் அப்பா: பையனுக்கு 6 வயது. சேர்க்கலாமா? தனியாகக் கோச் வைக்கணுமா?

சேர்க்கலாம். தனி கோச் வேண்டாம். 3ஆம் நம்பர் பந்து வாங்கிக் கொடுங்கள். எட்டு வயதுக்கு மேல் 4, பன்னிரண்டு பதிமூன்றில் 5. இந்த வயதில் பெரிய கிரவுண்டில் பதினொரு பேர் ஆட்டம் வைத்தால் பாதிப் பேர் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போவார்கள். நாலு பேர், ஐந்து பேர் ஆட்டம்தான் சரி. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2018இல் தொடங்கிய பேபி லீக்கும் (சின்னப் பசங்களுக்கான போட்டி) இதே யோசனைதான்.

ஓட்டேரி அம்மா: மகன் டிசம்பரில் பிறந்தவன். டீமிலேயே குள்ளம். கோச் எப்போதும் பெஞ்சில் உட்கார வைக்கிறார். திறமை இல்லையென்றால் நிறுத்திவிடலாமா சார்?

நிறுத்தாதீர்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1ஐ வைத்துக் கணக்காகிறது. ஜனவரியில் பிறந்தவனும் உங்கள் மகனும் ஒரே பிரிவு, ஆனால் நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷம். பத்து வயதில் ஒரு வருஷம் என்பது உயரம், எடை, ஓட்டம் எல்லாவற்றிலும் தெரியும். பெரிய பையன் தள்ளிவிட்டு ஓடுகிறான், கோல் விழுகிறது, கோச் அவனையே ஆட வைக்கிறார். ஆடுகிறவன் மேலும் தேறுகிறான், உங்கள் மகன் தண்ணி பாட்டில் சுமக்கிறான். உலகம் முழுக்க இளைஞர் அணிகளில் வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கோச்சிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "ஒவ்வொரு மேட்ச்சிலும் பாதி நேரமாவது இறக்குவீர்களா?" முடியாது என்றால் வேறு கிளப் பாருங்கள். குள்ளமாக இருக்கிறவன் உடம்பை நம்ப முடியாது, முதல் டச்சை, அதாவது வருகிற பந்தை முதல் தொடுதலிலேயே அடக்குவதை, நம்பித்தான் பிழைக்க வேண்டும். பதினாறு வயதில் எல்லோரும் வளர்ந்த பிறகு அந்த டச் அவனிடம் இருக்கும்.

அதற்காகப் பிறந்த தேதியைத் திருத்துகிற வேலை மட்டும் வேண்டாம். தேசிய அளவில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள். மாட்டினால் பையன் பெயர்தான் கெடும்.

மாதவரம் அப்பா: ஸ்பெயின் கிளப்பில் ட்ரையல் (தேர்வு ஆட்டம்) வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 2 லட்சம் கேட்கிறார். மகனுக்கு 14.

கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே வேறு நாட்டு கிளப்புக்கு மாற ஃபிஃபா விதி தடை போடுகிறது. பெற்றோர் கால்பந்துக்காக இல்லாமல் வேறு காரணத்துக்காக அங்கே குடிபோவது மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. உங்களிடம் பேசியவருக்கும் இது தெரியும். ட்ரையலுக்குப் பணம் கேட்டால் போனை வையுங்கள்.

புளியந்தோப்பு பெரியவர்: நாங்கள் வெறுங்காலில் ஆடி வளர்ந்தவர்கள் தம்பி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் வெறுங்காலில்தான் பிரான்ஸை ஆட்டி வைத்தார்கள். பூட் போட்டால் பந்து காலில் ஒட்டாது. எதற்கு ஏழைப் பசங்களைச் செலவு செய்ய வைக்கிறீர்கள்?

ஐயா, அந்த மேட்ச் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. பெரும்பாலோர் வெறுங்கால்தான். சாரங்கபாணி ராமன் கோல் போட்டு 1-1 ஆக்கினார். இரண்டு பெனால்டியை விட்டதால்தான் 2-1 என்று தோற்றோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லையே. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1. அதற்குப் பிறகுதான் பூட் கட்டாயமானது. 1956 மெல்பர்னில் பூட் போட்டுத்தான் ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்தோம். நெவில் டிசௌசா மூன்று கோல். ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஆசியத் தங்கமும் பூட் காலில் வந்ததுதான்.

அதே பெரியவர்: 1950 உலகக் கோப்பைக்கு வெறுங்கால் என்று சொல்லித்தானே நம்மை விடவில்லை?

டீக்கடையில் நானும் கேட்ட கதைதான். நாமாகத்தான் போகவில்லை. அணித் தேர்வில் தகராறு, பயிற்சிக்கு நேரம் இல்லை என்று அப்போது காரணம் சொன்னார்கள். நம் ஆட்களுக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்று அன்றைய கேப்டன் சைலேன் மன்னாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

காசிமேடு இளைஞர்: பெரியவர் சொல்வதிலும் நியாயம் இருக்கு கோச். பீச் மணலில் வெறுங்காலில் ஆடினால் பாதம் பலமாகாதா?

மணலில் ஆடுங்கள், யார் வேண்டாம் என்றது? எங்கள் கிரவுண்ட் மணல் இல்லை, கட்டாந்தரை. காலையில் ஆட்டத்துக்கு முன்னால் பசங்களை ஒரு கோல் போஸ்ட்டிலிருந்து மறு போஸ்ட் வரை கை கோத்து வரிசையாக நடக்கவிடுவோம். பாட்டில் சில்லு, சோடா மூடி, துருப்பிடித்த ஆணி எல்லாம் பொறுக்கி ஒரு பெயின்ட் டப்பாவில் போடுவார்கள். டப்பா காலியாக இருந்த நாள் குறைவு. வந்து ஒருநாள் பாருங்கள், அப்புறம் வெறுங்கால் பற்றிப் பேசுவோம்.

செலவு என்றால், விலை உயர்ந்த பூட்டே வேண்டாம். கட்டாந்தரைக்கு அடியில் நீள ஸ்டட் (முனை) வைத்த பூட் ஆகாது, குதிகால் வலி வரும். சின்னச் சின்ன ரப்பர் குமிழ் வைத்த டர்ஃப் ஷூ போதும். அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, முன்னால் நியூஸ்பேப்பர் அடைத்து அனுப்பாதீர்கள். அதற்குப் பதில் அண்ணன் போட்ட பழசே மேல்.

பெரியவர்: பழைய ஆட்டக்காரனுக்குத்தான் தெரியும்.

சரிங்க ஐயா.

பெரம்பூர் அக்கா: மகளுக்கு 11. பையன்களோடு ஆடலாமா?

தாராளமாக. 2019இல் தேசிய மகளிர் லீக்கை ஜெயித்தது மதுரை சேது எஃப்சி. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர்.

வில்லிவாக்கம் அப்பா: டெல்லியில் ட்ரையல், 40 ஆயிரம் கட்டச் சொல்கிறார்கள்...

மாதவரம் அப்பாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கொடுங்கையூர் அப்பா: துபாய் ட்ரையல், பதிவுக் கட்டணம் மட்டும்தான்...

மாதவரம்.

எம்.கே.பி. நகர் மாணவர்: மாநகராட்சி டர்ஃப் (செயற்கைப் புல்) கிரவுண்டில் பணம் கேட்டால் கட்டணுமா அண்ணா?

2024 அக்டோபரில் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கும்படி கிரவுண்டுகளைத் தனியாருக்கு விடத் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே வாபஸ் வாங்கினார்கள். யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.

திரு.வி.க. நகர் கிளப் நடத்துபவர்: நாம் வளர்த்த பையனைப் பெரிய கிளப் கொண்டுபோனால் நமக்கு ஒன்றுமே கிடைக்காதா?

நல்ல கேள்வி, இன்றைக்கு இதை ஒருவராவது கேட்டீர்களே. ஃபிஃபாவின் கணக்கில் ஒரு வீரர் வெளிநாட்டு கிளப்புக்கு விலைக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை சீசனுக்கு 0.25 சதவீதம், 16லிருந்து 0.5. நம் பையன்களில் பெரும்பாலோர் விலையில்லாமலே மாறுகிறார்கள், அதனால் இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஆனால் பதிவு இல்லாத கிளப்புக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. நந்தகுமார் சேகர் இந்த வியாசர்பாடியிலிருந்து போய் 2023 டுரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் வலையில் அடித்தவர். அடுத்தவன் உங்கள் கிளப்பில் இருக்கலாம். பசங்களை அகில இந்தியச் சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் ஏற்றுங்கள். பிறப்புச் சான்றிதழ் நகலையும் எந்த சீசன் உங்களிடம் ஆடினான் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ராயபுரம் அப்பா: கோச், மலேசியாவில் ஒரு ட்ரையல்...

மாதவரம்!