தோல்வியிலிருந்து பாடம் படி என்கிறார்கள், அதை எப்படிச் செய்வது? அப்படிப் படித்து மேலே வந்த யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். நான் கிளிநொச்சிப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறவன். பதினோராம் தரத்தில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ‘டபிள்யூ’, அதாவது சித்தியில்லை என்ற பெறுபேறு, எடுத்துவிட்டுத் திரும்ப எழுத வருகிற பிள்ளைகளோடுதான் என் நேரத்தில் பாதி போகிறது. அவர்களை வைத்தே சொல்கிறேன்.

தோற்ற பிள்ளையிடம் “ஏன்?” என்று கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. “எனக்குக் கணக்கு ஏறாது சேர்”, “நான் மொக்கு” என்றுதான் பதில் வரும். வீட்டுக்காரரைக் கேட்டால் “படிச்சாத்தானே” என்பார்கள். இந்தப் பதில்களில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? அதனால் நான் “எங்கே?” என்று கேட்பேன். எந்தக் கேள்வியில், எந்த வரியில் பிழைத்தது?

அதைக் கண்டுபிடிப்பது லேசான வேலையில்லை. பரீட்சைத் திணைக்களம் விடைத்தாளைத் திருப்பித் தருவதில்லை. பிள்ளையின் கைக்கு வருவது ஓர் எழுத்து மட்டும்தான். ஆகவே அதே வருட வினாத்தாளை எடுத்து, நேரம் வைத்து, மறுபடி எழுதச் சொல்வேன். திருத்தும்போது பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசி விடையைப் பார்த்துக் குறுக்கே கோடு போடுவதில்லை. மேலிருந்து ஒவ்வொரு வரியாக வந்து, வழி தப்பிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம்.

2016 இல் எழுதித் தவறவிட்ட ஒரு பிள்ளை, விசுவமடுப் பக்கம். கேத்திரகணிதத் தேற்றமெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஒருங்கமை சமன்பாட்டில், வசனமாகத் தந்த கணக்கைச் சமன்பாடாக எழுதுவதுவரை ஒரு பிழையும் இல்லை. பின்னம் வருகிற இடத்தில் மட்டும் எல்லாம் குழம்பியிருந்தது. பக்கத்து ஓரத்தில் 1/3 + 1/4 = 2/7 என்று செய்து வைத்திருந்தாள். மேலே உள்ளதைக் கூட்டி, கீழே உள்ளதையும் கூட்டியிருக்கிறாள்.

“12 மூட்டை நெல்லில மூன்றில் ஒன்று எத்தினை?” “நாலு.” “நாலில் ஒன்று?” “மூண்டு.” “ரெண்டையும் கூட்டினா?” “ஏழு.” “சரி, நீ எழுதின 2/7 எத்தினை மூட்டை?” வகுத்துப் பார்த்தாள். மூன்றரைக்கும் கொஞ்சம் குறைய வந்தது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மூன்றில் ஒன்றே நாலு மூட்டை. அதோட இன்னும் கூட்டினா எப்பிடிச் சேர் குறையும்?” என்று அவளே கேட்டாள்.

பின்னம் படிக்கிற வயதில் அவள் எங்கே இருந்தாள் என்று பாருங்கள். யுத்தத்தால் 2008 பிற்பகுதியில் கிளிநொச்சிச் சனம் கிழக்கே இடம்பெயரத் தொடங்கியபோது அவள் மூன்றாம் தரம். 2009 மே வரை ஓட்டம். பிறகு செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாம், அதன்பிறகு மீள்குடியேற்றம். பதினோராம் தரத்துத் தாளில் தெரிந்த பிழையின் வேர் தரம் நாலு, ஐந்து புத்தகங்களில் கிடந்தது. அங்கிருந்தே தொடங்கினோம். அந்த வயதில் சின்ன வகுப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வர வெட்கம், பெயர் தெரியாமல் உறை போட்டுக்கொண்டு வருவாள். அடுத்த முறை ‘சி’, அதாவது திறமைச் சித்தி, எடுத்தாள். எனக்கு அதைவிடச் சந்தோஷம் தந்தது வேறு. உயர்தரம் படிக்கும்போது பொருளியலில் தவணைப் பரீட்சைப் புள்ளி குறைந்தது. யாரும் சொல்லாமலே தாளில் பென்சில் புள்ளிகள் வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் போயிருக்கிறாள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வன்னியில் ஒரு பிள்ளையின் தோல்வியில் அவளுடைய பங்கு எவ்வளவு, அவள் மீது வந்து விழுந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் பாடம் படிக்கவே முடியாது. எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்ட பிள்ளை இடிந்துபோகிறது. எல்லாவற்றையும் யுத்தத்தின் மேல் போட்ட பிள்ளையோ புத்தகத்தைத் திறப்பதில்லை. பள்ளிக்கூடம் குழம்பியது அவள் குற்றமில்லை. அதைத் தெளிவாக, வாய்விட்டு அவளுக்குச் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் விடுபட்டதைப் படிக்கும் வேலையை அவள் முழுமனதோடு எடுத்துக்கொண்டாள்.

தேடிப் பார்த்ததில் வேறு பாதை தெரிந்ததும் உண்டு. உயர்தரம் கணிதப் பிரிவில் மூன்று தரமும் எழுதி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இஸட் புள்ளி போதாமல் போன ஒரு பெடியன். அவன் தாள்களைப் பார்த்தால் பௌதிகவியலில் பொறிமுறைக் கேள்விகள் எப்போதும் நன்றாக இருக்கும், தூய கணிதம்தான் காலை வாரியது. கிளிநொச்சியில் அறிவியல் நகர் என்ற இடத்தில் ஜெர்மன் உதவியோடு 2016 இல் தொடங்கிய தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்தான். “பெயில் பண்ணினவைதான் அங்க போறது” என்று ஊரில் கதைத்தார்கள். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவனை அந்தப் பாதையில் போகவிட்ட தாய் தகப்பனை நான் மதிக்கிறேன்.

பெறுபேறு வந்த கையோடு இதெல்லாம் வேண்டாம். கொஞ்ச நாள் அழட்டும், சித்தி வீட்டில் போய் நிற்கட்டும். பெரிய ஆட்கள் தோற்று வென்ற கதைகளை அந்த நேரத்தில் சொல்லாதீர்கள், ஒன்றும் காதில் ஏறாது. ஒன்றை மட்டும் பெரியவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தால் விலகித் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுவதென்றால் விண்ணப்பத்தைப் பிள்ளைதான் அனுப்ப வேண்டும், அதிபர் அனுப்பமாட்டார். வெட்கத்தில் வீட்டுக்குள்ளே இருக்கிற பிள்ளைக்கு அந்தத் திகதி தெரியாமலே போய்விடும். அதைத் தேடிப் பார்த்து, பிள்ளையோடு சேர்ந்திருந்து விண்ணப்பத்தை நிரப்புங்கள்.